பிரிண்டர் பெட்டி இப்போதைக்கு மூடியே இருக்கட்டும்

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய வாசிகசாலைக் கட்டடம் இளைஞர் மன்றத்தின் கைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் 3டி பிரிண்டர் அனுப்பப் போகிறார். ஊராருக்கெல்லாம் பயன்படும் மேக்கர்ஸ்பேஸ் ஒன்றை, அதாவது கருவிகளைப் பொதுவில் வைத்துச் சேர்ந்து செய்து பழகும் கூடம் ஒன்றைத் தொடங்க ஆசை. முதல் ஆறு மாதத்துக்கு என்ன செயலமர்வுகள் வைக்கலாம், எப்படி நடத்தலாம், கடைசியில் சான்றிதழ் கொடுக்கலாமா என்று தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். மாதத்துக்கு ஒரு பழுதுபார்ப்பு நாள் வையுங்கள். மற்ற எல்லாச் செயலமர்வும் அந்த மேசைக்கு வரும் சாமான்களிலிருந்தும், சாமானோடு வரும் ஆட்களிடமிருந்தும் கிளம்பட்டும். பிரிண்டர் அந்த மேசைக்கு ஒரு நாள் தேவைப்படும். அன்றைக்குப் பெட்டியைப் பிரியுங்கள்.

நான் பண்டாரவளைப் பக்கம் இப்படியான செயலமர்வுகளை நடத்துகிறவன். தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோன கூடங்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே கதைதான். இயந்திரம் முதலில் வரும். திறப்பு விழா நடக்கும். பிள்ளைகள் சாவிக்கொத்துப் பொம்மை அச்சடிப்பார்கள். அதற்குப் பிறகு எதை அச்சடிப்பது என்று யாருக்கும் தோன்றாது. தாய்மார் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அது கம்பியூட்டர் படிச்ச புள்ளைங்களுக்கு" என்று போய்விடுவார்கள். அந்த வார்த்தை ஒரு தடவை ஊரில் பரவினால் பிறகு அவர்களை உள்ளே கூப்பிடுவது லேசான காரியமில்லை.

இந்தக் கூடங்களின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998இல், ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி என்று ஒரு பாடம் தொடங்கினார். அதன் வழியில் ஃபெப் லேப் என்ற கூடங்கள் வந்தன. எம்ஐடிக்கு வெளியே மிக ஆரம்பத்தில் தொடங்கிய கூடங்களில் ஒன்று, இந்தியாவில் புனேக்கு அருகே பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002இல் வந்தது. அந்த ஆசிரமம் 1983இலிருந்தே கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைவேலை வழியாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இடம். கைவேலை பழகிய இடத்துக்குத்தான் கணினி இயந்திரம் பின்னால் வந்தது. இன்னொரு பக்கம், 2009 ஒக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன போஸ்ட்மா என்ற பெண்மணி முதல் ரிப்பேர் கஃபேயை நடத்தினார். உடைந்த சாமானைக் கொண்டுவருகிறவர் திருத்தத் தெரிந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து திருத்த வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. நமக்கு இந்த இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

நாளைத் தெரிவு செய்வதில் கவனமாக இருங்கள். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு டியூஷன், பெரியவர்களுக்கு மலையில் வேலை. ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குவது, துணி துவைப்பது. ஆகவே ஞாயிறு பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணி வரை. அதுவும் சம்பளம் கைக்கு வரும் 10ஆம் திகதிக்குப் பிந்திய ஞாயிறு. திருத்துவதற்குக் காசு வாங்காவிட்டாலும் ஒரு பியூஸோ சுவிட்சோ வாங்க வீட்டில் பணம் இருக்க வேண்டுமே. மாதக் கடைசியில் வைத்தால், "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று சாமானைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

முதல் பழுதுபார்ப்பு நாளுக்கு முன்னால் கட்டடத்தின் வயரிங்கைத் தகுதியான ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். இதில் சமரசமே வேண்டாம். பழைய தோட்டத்துக் கட்டடங்களில் எர்த் வயர் பிளக் பொயின்ட்டில் தெரியும், நிலத்துக்குப் போயிருக்காது. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே அறுக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்னால் எல்லாரும் பார்க்க ஒருமுறை அழுத்திக் காட்டுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று அசட்டையாகவும் இருக்கக் கூடாது. லைனையும் நியூட்ரலையும் இரண்டு கையால் ஒருவர் பிடித்தால், அவரும் ஒரு பல்பைப் போலத்தான் அந்தச் சுவிட்சுக்குத் தெரிவார், அது அறுக்காது. அதனால் பிளக் மேசைமேல் கண்ணுக்குத் தெரியக் கிடந்தால்தான் மூடியைக் கழற்றலாம் என்ற சட்டம் போடுங்கள். பிள்ளைகள் அந்த மேசையில் திருகாணி கழற்றலாம், மீட்டர் பிடிக்கலாம். பிளக் குத்துவது பெரியவர் வேலை.

வாங்கக் கூடாத சாமான்களையும் வாசலில் எழுதி ஒட்டுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய பெட்டி டீவிக்கும் இதே கதை. ஊதிப்போன போன் பெட்டரி, கேஸ் ரெகுலேட்டர் இரண்டையும் தொடவே வேண்டாம்.

முதல் செயலமர்வு இந்த மேசைக்கு வேண்டிய சாமானைச் செய்வதாகவே இருக்கட்டும். அதாவது சீரிஸ் லேம்ப் பலகை. ஒரு பலகை, ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்ப், ஒரு பிளக் பொயின்ட், கொஞ்சம் வயர். பல்பும் பிளக் பொயின்ட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி இணைப்பு. சோதிக்கும் சாமானுக்குள் ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். பியூஸ் போகாது, பொறி பறக்காது. ரேடியோ, சார்ஜர் போன்றவை நன்றாக இருந்தால் பல்ப் மங்கலாக எரியும், அல்லது ஒருதடவை மினுங்கி அடங்கும். பலகையைச் செய்து முடிப்பவர்களுக்கு வயர் சீவுவது, முறுக்குவது, ஸ்குரூவுக்குக் கீழே கொழுவி இறுக்குவது மூன்றும் கைக்கு வந்துவிடும். செய்து முடித்ததை வயரிங் தெரிந்தவர் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

சூடாக்கும் சாமான்களுக்கு மட்டும் இந்தப் பலகை ஏமாற்றும். இஸ்திரிப்பெட்டியும் ரைஸ் குக்கரும் நல்ல நிலையில் இருந்தாலும் பல்ப் பளிச்சென்றுதான் எரியும். அங்கே தடையை அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். என் அனுபவத்தில் பழுதுபார்ப்பு நாளின் மிகச் சிறந்த பாடம் ரைஸ் குக்கர்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குக்கரைக் கொண்டுவரும் அக்கா, "லைட்டும் எரியல, சூடும் ஏறல" என்பார். திருகாணியை அவரே கழற்றட்டும். நீங்கள் குக்கரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடித்தட்டைத் திறந்ததும் நடுவில் சுருளோடு ஒரு காந்தத் தெர்மோஸ்டாட் தெரியும். சோற்றில் தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் அடி தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். குறிப்பிட்ட சூட்டில் அந்தத் தெர்மோஸ்டாட்டின் உலோகம் காந்தப் பிடிப்பை இழக்க, சுவிட்ச் கீழே விழும். "டக்" என்று கேட்கிறதே, அந்தச் சத்தம். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பாருங்கள், தினமும் கேட்ட சத்தத்துக்குக் காரணம் தெரிந்த சந்தோசம் இருக்கும்.

அடுத்தது கணக்கு. 230ஐ 230ஆல் பெருக்கி, குக்கரின் அடியில் எழுதியிருக்கும் வாட்டால் வகுத்தால், சூடாக்கும் எலிமென்ட்டின் தடை எத்தனை ஓம் என்று வரும். 500 வாட் குக்கருக்கு 106 ஓம். 1000 வாட் இஸ்திரிப்பெட்டிக்கு 53 ஓம். மீட்டர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் காட்டினால் எலிமென்ட் நல்லது. அடுத்து எலிமென்ட்டின் காலுக்கும் குக்கரின் உடம்புக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. அதன் பிறகு துணிக்குழாய்க்குள் மறைந்திருக்கும் தெர்மல் பியூஸ், சூடு மீறினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்துவது. பத்துக் குக்கரில் பல அதில்தான் மாட்டும். புதியது போடும்போது அதே வெப்பநிலை எழுதியதையே போட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. பற்றவைக்கும் சூட்டிலேயே புது பியூஸ் போய்விடும். நெரித்து இறுக்கும் கிளிப்தான் சரி. சில கடைகளில் பியூஸை எடுத்துவிட்டு வெறும் வயரைப் போட்டு அனுப்புகிறார்கள். அப்படி ஒன்று மேசைக்கு வந்தால் அதை எல்லாருக்கும் காட்டுங்கள். தீப்பிடிக்கும் வழி அதுதான்.

பழுது சரியாகாமல் போகும் சாமான்களும் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல், உரியவரிடம் கேட்டு வாங்கி ஒரு பெட்டியில் போடுங்கள். மோட்டார், சுவிட்ச், காந்தம், ஸ்பிரிங் எல்லாம் அடுத்த செயலமர்வுகளுக்குச் சாமான். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு, கடையில் உதிரிப்பாகம் இல்லை என்றிருந்த நாட்களில் இப்படியான பெட்டிதான் பலருக்கும் கைகொடுத்தது.

இனி வாத்தியார்கள். "எங்களிடம் வளவாளர் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். தங்கச்சி, உங்கள் தேயிலை ஸ்டோரில் இயந்திரம் திருத்தி ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவராவது லயத்தில் இருப்பார். ரோலர் மெசினின் பெயரிங் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொன்ன மனிதர். கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் ஜூக்கி தையல் மெசினில் இருந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு ஊர் திரும்பிய அக்காமார் இருப்பார்கள். கொழும்பில் வயரிங் பாஸிடம் கையாளாக நின்ற தம்பிமார் தீபாவளிக்கு வருவார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி தீட்டுவதில் பேர்போன தாத்தா ஒருவர் இருப்பார். இவர்களுக்கு முன்னால் பவர்பொயின்ட் வைத்து நீங்கள் பாடம் எடுத்தால் வேடிக்கையாக இருக்கும். அவர்களை மேசையின் தலைமாட்டில் உட்கார வையுங்கள். பேசச் சொல்லாதீர்கள், "ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று கையில் கொடுங்கள். பேச்சு பின்னாலேயே வரும்.

கத்தி தீட்டும் நாள் என்று ஒன்றை இரண்டாம் மாதம் வைத்துப் பாருங்கள். செலவே இல்லை, கூட்டம் தாராளமாக வரும். கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கத்தியின் கூர் உயிர்ப் பிரச்சினை. மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும், பிளந்த இடத்தில் நோய் ஏறும். அதே சாணைக்கல்லில் வீட்டுக் கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் தீட்டலாம்.

தையல் செயலமர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வையுங்கள், ஆனால் "பெண்களுக்கான தையல் வகுப்பு" என்று பெயர் போட்டு ஓரத்தில் ஒதுக்காதீர்கள். கொழுந்து எடுக்கும் அக்காமார் நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கை எடுத்து, இதை எப்படி நன்றாக்கலாம் என்று தொடங்குங்கள். தேர்தல் முடிந்தால் பிளெக்ஸ் பேனர் தோட்டமெங்கும் சும்மா கிடக்கும் (வேட்பாளரின் முகம் உட்பக்கம் வரும்படி தைக்கவும்). பிளெக்ஸுக்கு 16 அல்லது 18ஆம் இலக்கத் தடித்த ஊசி வேண்டும். தையலை நெருக்கமாகப் போட்டால் முத்திரையின் ஓரம்போல ஓட்டை வரிசையாகி அதிலேயே கிழியும். 4 மில்லிமீட்டர் அளவுக்கு நீளத் தையல் போட வேண்டும். ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகாமலிருக்க ஓரத்தை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும். இதையெல்லாம் ஜூக்கி அக்கா சொல்லும்போது இயந்திரவியல் படிக்கும் தம்பியும் குறிப்பெடுப்பான். செய்ததை மறுநாள் மலையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் செய்ததைக் கட்டிக்கொண்டு போன அக்கா ஒருவர், "நடக்கையில சரசரங்குது தம்பி, அட்டைகூட பயந்து ஓடிரும்" என்றார். பிளெக்ஸ் இடுப்பில் மடியவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இடுப்புப் பகுதிக்கு மட்டும் துணி வைத்து அடுத்ததைத் தைத்தோம். அந்தத் திருத்தத்தோடுதான் செயலமர்வு முழுமையாகிறது. ஆகவே ஒரே ஞாயிறில் முடிக்காமல் இரண்டு ஞாயிறாகப் பிரித்து வையுங்கள். பிள்ளையோடு வரும் தாய்மாருக்காக ஒரு மூலையில் பாய் போட்டு, பழுது சரியாகாத சாமான் போட்ட பெட்டியிலிருந்து ஆபத்தில்லாத சாமான்களை விளையாடக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மழைமானிச் செயலமர்வு. மே மாதத்துக்கு முன்னால், தென்மேல் பருவமழை உங்கள் பக்கம் இறங்குமுன் அதை முடித்துவிடுங்கள். (ஊவாப் பக்கத்து வாசகர்களுக்கு ஒக்டோபருக்கு முன்.) 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சொல்லும் மழை அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினால் வெளியேற்றம். இந்த எண்கள் வானொலியில் வரும்போது பலருக்கு அது எவ்வளவு தண்ணீர் என்று மனதில் பதிவதில்லை. போத்தலில் பார்த்தால் பதியும்.

தேவையானவை ஒரு புனல், 1.5 லீட்டர் சோடாப் போத்தல், மூன்று நிற ஒட்டுநாடா. புனலின் வாயை உள்விட்டமாக அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் என்றால் வாயின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர்; ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 7.85 மில்லிலீட்டர் தண்ணீர் போத்தலில் சேரும். 75 மில்லிமீட்டருக்கு 589 மில்லிலீட்டர், 100க்கு 785, 150க்கு 1,178. அளவுக் குவளையால் அவ்வளவு தண்ணீரை ஊற்றி மட்டம் நிற்கும் இடத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நாடாவை ஒட்ட வேண்டும். போத்தல் எந்த வடிவத்தில் நெளிந்திருந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் கொள்ளளவைக் கொண்டுதான் கோடு போடுகிறோம். ஆனால் கடைப் புனல்கள் ஒரே அளவில் வராது. அடுத்த ஆளின் கோட்டைப் பார்த்து ஒட்டாமல் ஒவ்வொருவரும் தன் புனலுக்குத் தானே கணக்குப் போட வேண்டும். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வட்டத்தின் பரப்பு எதற்கு என்று அன்றைக்குத் தெரியும்.

எங்கே வைப்பது? கூரை, மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். யார் பார்ப்பது என்பது அதைவிட முக்கியம். வானிலை அவதான நிலையம் ஒரு நாளின் மழையைக் காலை 8.30க்குக் கணக்கெடுக்கிறது. அந்த நேரத்தில் தாய்மார் மலையில், பிள்ளைகள் பாடசாலையில். நாள் தவறாமல் ஊரில் இருப்பவர் பிள்ளைக் காம்பராவை, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாதான். முற்றத்தில் ஒன்றை அங்கே வைத்து, கடதாசியில் அல்லாமல் சுவரில் கறுப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். இரவில் அடைமழை என்றால் மணிக்கொருதரம் பார்க்க இரண்டு பேரை முன்கூட்டியே பேசி வையுங்கள். இது அரசாங்க எச்சரிக்கைக்கு மாற்றல்ல என்பதையும், கோடு தொடுவதற்கு முன்னாலேயே சுவரில் வெடிப்போ ஊற்றில் கலங்கல் நீரோ கண்டால் வெளியேற வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் போத்தலிலிருந்து மின்னணுவுக்குப் போவது சுலபம். ஊசலாடும் சிறு வாளி ஒன்று நிரம்பி நிரம்பிக் கவிழும் மழைமானி இருக்கிறது. கவிழும் ஒவ்வொரு தடவையும் காந்தம் ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் பக்கத்தில் வந்தால் இணையும் சுவிட்ச்) கடக்கும், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை எண்ணும். அந்த வாளியின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், கையால் வெட்டி ஒட்டினால் சரியாக வராது. பிரிண்டர் பெட்டியைப் பிரிக்க வேண்டிய நாள் இதுதான். பழுதுபார்ப்பு மேசையிலும் அதற்குள் வேலை சேர்ந்திருக்கும்: உடைந்த ரேடியோக் குமிழ், தையல் மெசினின் நூல்கட்டைத் தாங்கி, பேன் சுவிட்சின் பிடி. பிள்ளைகள் வேர்னியர் அளவுகோல் பிடித்து அளந்து, டிங்கர்கேட் என்ற வரையும் மென்பொருளில் வரைந்து, பொருந்தாமல் போய்த் திரும்ப வரைவதற்கு உண்மையான காரணம் கிடைக்கிறது.

பிரிண்டரைப் பற்றி இரண்டே விஷயம். பிரிண்டர் உருக்கி அச்சடிக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், ஆகவே கேத்தல் பிடியோ குக்கர் பிடியோ அச்சடித்துக் கொடுக்காதீர்கள். அடுத்தது ஈரம். ஹட்டன், வட்டவளைப் பக்கத்து மழைக்காலத்தில் திறந்து வைத்த இழைச் சுருள் ஈரத்தைக் குடித்துவிடும். முனையில் பொரிகிற சத்தம் கேட்கும், நூல்நூலாக இழுபடும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன வைப்பது என்று தடுமாற வேண்டாம். மைக்ரோபிட் மின்னணுப் பலகை, ஸ்க்ரெட்ச் நிரலாக்கம் எல்லாம் நல்லவைதான், கிடைத்தால் வையுங்கள். ஆனால் நம் ஊரிலேயே செய்யக்கூடிய ஓர் அருமையான சோதனை இருக்கிறது. வெப்பநிலை உணரி ஒன்றை ஐஸ் தண்ணீரில் வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்லும். ஹட்டனில் அது 96க்குப் பக்கத்தில் நிற்கும், நுவரெலியாவில் 94. பிள்ளைகள் உணரி பழுது என்பார்கள். வேறொன்றை மாற்றி வைத்தாலும் அதே எண். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, 300 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை கொதிநிலை இறங்குகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள், அதுதான் கஷ்டம். கொதிநீரைக் கையாள்வது மட்டும் பெரியவர்.

உயர்தர மாணவர்கள் வேறு ரகம். 2013இல் தொழினுட்பப் பிரிவு அறிமுகமானாலும் எல்லாப் பாடசாலையிலும் அதற்கேற்ற ஆய்வுகூடம் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரு மாலை மேசையைத் திறந்து விடுங்கள். பாடம் வேண்டாம், மீட்டரும் இடமும் போதும். நல்லதாக ஏதாவது செய்தால் இலங்கை புத்தாக்குநர் ஆணைக்குழுவின் 'சஹசக் நிமவும்' கண்காட்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

மாசி மாதத்தில், காமன் கூத்துக்கு முன்னால், தப்பு மேளம் செய்யும் செயலமர்வு ஒன்று வையுங்கள். வளையம் வளைப்பது, தோல் இழுத்துக் கட்டுவது, தீயில் காய்ச்சுவது. பனியில் தோல் ஈரம் ஏறித் தளரும், காய்ச்சினால் இறுகும். காய்ச்சுமுன்னும் பின்னும் போனில் அதிர்வெண்ணை அளந்து பாருங்கள், பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். தப்பு அடிக்கும் பெரியவரை வாசிகசாலைக்குள் கதிரை போட்டு வாத்தியாராக உட்கார வைப்பது ஊரில் சிலருக்கு உறுத்தும். உறுத்தட்டும். அந்த ஆளுக்கு மற்ற வளவாளர்களுக்குக் கொடுக்கும் அதே பணத்தைக் கொடுங்கள், அதே சால்வையைப் போடுங்கள்.

சால்வை என்றதும் ஞாபகம் வருகிறது. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி வரும்வரை காத்திருப்பு, பிரதம அதிதியின் உரை, குழுப் படம் என்று நம் நிகழ்வுகள் போகிற போக்கில், மூன்று மணி நேரச் செயலமர்வில் கையால் வேலை செய்ய அரை மணி மிஞ்சினால் பெரிய விஷயம். அதிதி வந்தே ஆக வேண்டும் என்றால் அவரிடமும் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து மேசையில் உட்கார வையுங்கள். தொழிற்சங்கக் கொடிகளை வாசலோடு நிறுத்துங்கள். ஒரு சங்கத்தின் கூடம் என்று பெயர் விழுந்தால் மற்றச் சங்கத்துக் குடும்பங்கள் வராது. தோட்ட நிருவாகத்திடம் கட்டடப் பாவனைக்கான அனுமதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். துரை மாறினால் வாய்வார்த்தையும் சேர்ந்து மாறும். சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. பிளேன்டீயும் பருப்பு வடையும் மன்றத்தின் செலவு. செயலமர்வுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம், பழுதுபார்ப்பு நாளுக்கு உண்டியல் போதும்.

கடைசியாகச் சான்றிதழ். பங்குபற்றியதற்கு அழகான கடதாசி கொடுக்கலாம், ஆனால் அதில் தொழில் தகைமை என்ற தொனி வரக் கூடாது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் ஏற்பாட்டில் வருவது. நீங்களாக அச்சடித்துக் கொடுக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள். திகதி, சாமான், கண்ட பழுது, எடுத்த அளவு, செய்த வேலை, ஒரு படம், பார்த்த பெரியவரின் கையெழுத்து. வகுப்புக்குப் போகாமல் வேலை பழகியவர்களின் திறனைச் சோதித்து அதே தகைமையைக் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, முன் கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். அந்த மதிப்பீட்டுக்குப் போகும் நாளில் உங்கள் ஊர்த் தம்பியோ அக்காவோ கையில் எடுத்துக்கொண்டு போக அந்தக் குறிப்பேடு உதவும். முதல் பழுதுபார்ப்பு நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள், பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் மதிப்பீட்டாளர் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.